முதலில் வாய், பிறகு வானம்: தாவோ நெறியில் தேவர்களை அணுகும் முறை

சீனாவின் தாவோ நெறியைப் புத்தகங்கள் வழியாக அறிந்தவர்களுக்கு அதன் மூலகுருவான லாவோட்சுவைத் தெரியும். மூச்சுப் பயிற்சியும் அசையாமல் உட்காருவதும் தெரியும். அவர்களே ஒரு தாவோ கோயிலுக்குள் நுழைந்தால் திகைத்து நின்றுவிடுகிறார்கள். எத்தனை சந்நிதிகள், எத்தனை தேவர்கள்! யாரை முதலில் கும்பிடுவது, என்ன சொல்வது, உள்ளுக்குள் செய்யும் சாதனைக்கும் எதிரே வீற்றிருக்கும் இவர்களுக்கும் என்ன உறவு?

இதற்கான விடை வழிபாட்டின் வரிசையிலேயே இருக்கிறது. வாங் சோங்யாங் (1113–1170) தொடங்கிவைத்த சுவான்ஜென் மரபின் மடங்களில் காலை வழிபாடு எட்டு மந்திரங்களோடு ஆரம்பிக்கிறது. மனத்தைத் தூய்மை செய்வது முதலாவது. வாய் இரண்டாவது, உடல் மூன்றாவது. நான்காவது மந்திரம் அந்த இடத்து மண்ணின் தேவரை அமைதிப்படுத்துகிறது. ஐந்தாவது வானையும் பூமியையும் தூய்மையாக்குகிறது. தூபத்துக்குரிய ஆறாவது மந்திரத்தில்தான் மேலுலகத்தாரை நோக்கி, ‘கீழே பாருங்கள், எழுந்தருளுங்கள்’ என்ற அழைப்பு வருகிறது. ஏழாவது பொன்னொளி மந்திரம். எட்டாவது மறைநூல் திறப்பதற்கானது. அழைப்புக்கு முன்னால் ஐந்து படிகள் இருப்பதைக் கவனியுங்கள். தொடங்குபவர்களில் பெரும்பாலோர் இந்த ஐந்தையும் தாண்டிக் குதித்து நேரே ஆறாவதுக்குப் போய்விடுகிறார்கள். பிறகு வரும் குழப்பங்களில் பாதிக்கு மேல் அங்கேதான் முளைக்கின்றன.

யார் யார், யாரிடம் எது

மேலே இருப்பவர்கள் சான்சிங் எனப்படும் மூன்று தூயவர்கள். நடுவில் யுவான்ஷி தியன்சுன், கையில் உருண்டை முத்து. அவருடைய இடப்புறம், அதாவது பார்ப்பவரின் வலப்புறம், லிங்பாவ் தியன்சுன். கையில் ரூயி என்னும் வளைந்த கோல். வலப்புறம் விசிறியோடு இருப்பவர் தாவ்தே தியன்சுன். லாவோட்சு இவருடைய வடிவமாகவே வணங்கப்படுகிறார். மூவரும் முறையே தாவோ, மறைநூல், குரு ஆகிய மூன்று மணிகளைக் குறிக்கிறார்கள். அவர்களை வணங்குவது வேண்டுதலுக்காக இல்லை. சாதகர் எதை நோக்கி நடக்கிறார் என்பதை நினைவில் நிறுத்துவதற்காக.

வீடு, உடல்நலம், பிழைப்பு பற்றிய பேச்செல்லாம் கீழ்நிலையில் உள்ளவர்களிடம்தான். அந்த நிலத்துக்குத் ‘துதி’ என்னும் பெயருள்ள நிலத்தேவர், ஊருக்குச் செங்ஹுவாங், அடுப்படிக்கு ஸாவ்ஜுன். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சீனர் கடைகளில் தரையோடு தரையாக ஒரு சிவப்பு மாடம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது நிலத்தேவருக்கு உரியது. மண்ணுக்கு உரியவர் என்பதால் மண்ணிலேயே இடம். மேலே போகும் எந்தச் செய்தியும் இவர் எல்லையைக் கடந்துதான் போக வேண்டும் என்பது மரபின் கணக்கு. நான்காவது மந்திரம் அவரிடம் சொல்வதன் சாரம் இதுதான்: ‘திடுக்கிட வேண்டாம், அவரவர் இடத்தில் அமைதியாக இருங்கள், இந்த வழிபாட்டு முற்றத்தைக் காத்து நில்லுங்கள்.’ பக்கத்தில் குடியிருப்பவரை மதிக்காமல் பேரரசரிடம் மனு கொடுக்கிறவரை எந்த ஊரிலும் நல்லவிதமாகப் பேச மாட்டார்கள்.

மனம், வாய், உடல் ஆகியவற்றுக்கான மந்திரங்கள் வெறும் சுத்திகரிப்பு என்று நினைத்தால் முக்கியமான ஒன்று தவறிப்போகும். வாய்க்கான மந்திரத்தைச் சொல்லுக்குச் சொல் பாருங்கள். வாயின் தேவர் தான்சு. நாவின் தேவர் ஜெங்லுன். பற்களின் தேவர் லுவோச்சியன். இதயத்தின் தேவர் தான்யுவான். உடலின் ஒவ்வொரு பகுதியிலும் பெயருள்ள ஒருவர் குடியிருக்கிறார் என்று பழைய ஷாங்சிங் மரபு கற்பித்ததன் தொடர்ச்சி இது. அம்மரபின் ‘மஞ்சள் முற்றம்’ என்னும் மறைநூல் இதயத்துக்குத் தான்யுவான், நுரையீரலுக்கு ஹாவ்ஹுவா, கல்லீரலுக்கு லோங்யன், சிறுநீரகத்துக்கு ஷுவான்மிங், மண்ணீரலுக்குச் சாங்ஸாய் என்று பெயர் சொல்லி அழைக்கிறது. வெளியே உள்ள தேவர்களை அழைக்கும் முன் உள்ளே இருப்பவர்களை எழுப்பி நிறுத்த வேண்டும். இவர்கள் உறங்கிக்கொண்டிருந்தால் வருகிறவரை வரவேற்க வீட்டில் ஆளில்லை.

இடம்

5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லூ ஷியுஜிங் (406–477), ஒரு தாவோ குடும்பத்தின் அமைதி அறை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார். உள்ளே நான்கே பொருள்கள்: தூபக்கலசம், விளக்கு, மனு எழுதும் மேசை, எழுத்துக் கத்தி. வேறெதுவும் கூடாது. கதவைத் திறக்கும்போதும் மூடும்போதும் இடிக்கக் கூடாது. தேவர்கள் எப்போதும் குடியிருக்கும் இடம்போலக் கூட்டித் துடைத்து வைக்க வேண்டும். சிலைகளும் கொடிகளும் அலங்காரங்களும் அடைத்துக் கிடக்கும் வீடுகளைப் பார்த்துச் சலித்துத்தான் அவர் இதை எழுதினார். இன்றைக்கும் இதைவிடச் சிறந்த அறிவுரை கிடையாது.

தனி அறை இல்லாதவர்கள் ஒரு மூலையில் மேசை போட்டால் போதும். உட்கார்ந்திருக்கும்போது தேவரின் பெயர்ப்பலகை கண்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். கட்டிலை நோக்கியோ கழிவறைக் கதவை நோக்கியோ வைக்காதீர்கள். தொடக்கத்தில் சிலை வேண்டாம். சிலை வாங்கினால் அதற்குக் ‘கண் திறக்கும்’ சடங்கை முறையான குரு ஒருவர் செய்ய வேண்டியிருக்கும். ஒரு தேவரின் பெயர் எழுதிய காகிதமோ பலகையோ போதுமானது. ஒரே ஒரு பெயர். பார்த்த கோயிலிலிருந்தெல்லாம் ஒரு படம் வாங்கிவந்து அடுக்குவது பக்தி மாதிரித் தோன்றும். ஆனால் மனம் எங்கே நிற்பது என்று தெரியாமல் படத்துக்குப் படம் தாவிக்கொண்டிருக்கும்.

தூபக்கலசத்தில் பழைய ஊதுபத்திச் சாம்பல் நிரப்புவது சிறப்பு. முதல் நாளில் அது இருக்காது. பச்சரிசியோ கழுவிக் காயவைத்த நுண்மணலோ நான்கு விரல் ஆழத்துக்குப் போட்டுக் கலசத்தைத் தட்டி இறுக்குங்கள். தளர்வாக நிரப்பினால் பத்தி சாயும், சாம்பல் மேசையில் கொட்டும், ஓதும்போது கண் அங்கேயே போகும். படையல் ஐந்து: தூபம், மலர், விளக்கு, நீர், பழம். பழங்களில் லி என்னும் சீனப் பிளம் கூடாது, அது லாவோட்சுவின் குடும்பப் பெயரும்கூட. மாதுளை, கொய்யா, தக்காளி ஆகியவற்றையும் தவிர்ப்பார்கள். விதை குடல் வழியாக முழுசாக வெளியேறி முளைக்கக்கூடியது என்பதால் அவை தூய்மைக் குறைவு. ஆப்பிளும் ஆரஞ்சும் எங்கும் ஏற்புடையவை.

நாள் பார்க்கும்போது தவறுவது

சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது அமாவாசையும் பௌர்ணமியையொட்டிய நாளும், வழிபாட்டுக்குரியவை என்பது பலருக்குத் தெரியும். வழிபடக் கூடாத நாள் ஒன்று இருப்பது அவ்வளவாகத் தெரியாது. சீன நாட்காட்டியில் நாள்களுக்குப் பெயரிடும் அறுபது நாள் சுழற்சியில் வூ என்னும் எழுத்தோடு வரும் ஆறு நாள்களில் தாவோ கோயில்களில் மணி அடிப்பதில்லை, தூபம் ஏற்றுவதில்லை, ஓதுவதில்லை. வூ மண்ணுக்கு உரியது. மண் ஓய்ந்திருக்கும் நாளில் மேலோரைக் கலைக்கக் கூடாது என்பது விதி.

கணக்கு எளிது. 2000 ஜனவரி 1 வூ நாள். அதிலிருந்து ஒவ்வொரு பத்தாவது நாளும் வூ. 2026இல் ஜனவரி 4, 14, 24, பிப்ரவரி 3, 13, 23 என்று போகும். நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள்களில் பேசாமல் உட்காரலாம், மறைநூலை மனத்துக்குள் படிக்கலாம். தினமும் செய்தே தீர வேண்டும் என்ற வைராக்கியம் உள்ளவர்களுக்குத்தான் இந்த விதி கசக்கும். அவர்களுக்கே இது மிகவும் தேவை.

ஒரு நாள் காலை

மடங்களில் காலை வழிபாடு 5 மணிக்கும் 7 மணிக்கும் இடைப்பட்ட பொழுதில் நடக்கும், மாலை வழிபாடு 5க்கும் 7க்கும் இடையில். வீட்டில் காலை ஒன்றே போதும், நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள். குளித்து, வாய் கொப்பளித்து, பூண்டு வெங்காயம் சாப்பிடாத வாயோடு வர வேண்டும்.

நின்றபடி இடக்கையால் வலக்கையை மூடி நெஞ்சுக்கு நேரே பிடியுங்கள். இடக்கை நன்மை, வலக்கை தீமை. தீமையை மறைத்து நன்மையைக் காட்டுவது என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். விளக்கை ஏற்றி, அதிலிருந்து மூன்று ஊதுபத்திகளைப் பற்றவையுங்கள். சுவாலை எழுந்தால் வாயால் ஊதாதீர்கள். கையால் விசிறி அணையுங்கள். நெற்றி மட்டத்துக்கு உயர்த்தி வணங்கி, இடக்கையால் ஒவ்வொன்றாகக் கலசத்தில் ஊன்றுங்கள். முதலாவது நடுவில், மற்றவை இருபுறமும். நேராக, ஒரே உயரத்தில், ஒன்றுக்கொன்று ஒரு சுன்னுக்கு மேல், அதாவது சுமார் 3.3 சென்டிமீட்டருக்கு மேல், விலகாமல் நிற்க வேண்டும். ‘தூபம் ஒரு சுன் தாண்டினால் தேவர் நம்பமாட்டார்’ என்று சீனத்தில் ஒரு சொலவடை உண்டு. மூன்று பத்திகளையும் அந்த நெருக்கத்தில் நேராக ஊன்றுவதற்குக் கை நடுங்காமல் இருக்க வேண்டும். கை நடுங்காமல் இருக்க மூச்சு அடங்கியிருக்க வேண்டும். செய்து பார்த்தால் தெரியும், அவசரத்தில் வந்த நாளில் ஒன்றாவது சாயும்.

அடுத்தது தண்டம். முட்டி மெத்தைக்கு முன் நின்று, இடக்கையை நெஞ்சில் வைத்து, வலக்கையை மெத்தையின் நடுவில் ஊன்றி மண்டியிடுங்கள். இடக்கையை வலக்கையின் மேல் குறுக்காக வைத்து, நெற்றியைக் கைமேல் பதியுங்கள். ஒரு தடவை மண்டியிட்டு மூன்று முறை தலை பதிப்பது அன்றாட முறை. மூன்று தடவை மண்டியிட்டு ஒன்பது முறை பதிப்பது பெருநாள்களுக்கு. முழங்கால் வலி உள்ளவர்கள் நின்றே குனிந்து வணங்கலாம், குறையில்லை.

இப்போது உட்கார்ந்து பற்களைத் தட்ட வேண்டும். இதைச் சொன்னால் புதியவர்கள் வியப்பார்கள், ஆனால் மரபில் இது மிகப் பழையது. இடப்பக்கப் பற்களைத் தட்டுவது வான்மணி. தீயது எதிர்ப்பட்டால் அது. வலப்பக்கம் வான்தகடு. மலைவழி நடக்கையிலும் தீயதை விரட்டும் பெருமந்திரங்களுக்கும் உரியது. நடுவில் உள்ள மேல்-கீழ் நான்கு பற்களைத் தட்டுவது வான்முரசு. தாவோவை நினைக்கவும் மேலோரை வரவழைக்கவும் இதைத்தான் தட்ட வேண்டும். உதடுகளை மூடி, கன்னத்தைத் தளர விடுங்கள். அப்போதுதான் சத்தம் உள்ளே கூடாக, ஆழமாக ஒலிக்கும். கன்னத்தை இறுக்கிக்கொண்டு தட்டினால் வறட்டுச் சத்தம் வரும், பல்லும் வலிக்கும். 36 முறை தட்டுங்கள். ஊறும் உமிழ்நீரை மூன்று மிடறாக விழுங்குங்கள். வாய் மந்திரத்தில் வரும் பல்லின் தேவரும் நாவின் தேவரும் விழித்துக்கொள்வது இப்படித்தான்.

பிறகு எட்டு மந்திரங்கள். இவை பொது வழிபாட்டில் எல்லாரும் ஓதுபவை, தீட்சை தேவையில்லை. சீன ஒலிப்பு வராதவர்கள் அரைகுறையாக உளறுவதைவிடப் பொருளைத் தமிழில் தெளிவாகச் சொல்வது மேல் என்பது எங்கள் உறுதியான எண்ணம். தூப மந்திரம் இப்படிப் போகிறது: தாவோ மனத்தால் கற்கப்படுகிறது, மனத்தைத் தூபம் ஏந்திச் செல்கிறது, தூபம் கலசத்தில் எரிய, மனம் பேரரசர் முன் நிற்கிறது. இந்த வரியில் நில்லுங்கள், மூன்று மூச்சு. மனம் உண்மையில் அங்கே நிற்கிறதா, அலுவலகத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லையென்றால் மீண்டும் முதல் மந்திரத்துக்குத் திரும்புங்கள்.

எட்டும் முடிந்ததும் உங்கள் மேசையில் பெயர் உள்ள தேவரின் போற்றியை ஓதுங்கள். எல்லாப் போற்றிகளும் ‘முழுமனத்தோடு சரணடைந்து வணங்குகிறேன்’ என்ற பொருளுள்ள ஒரே வரியில் தொடங்கும். அந்த வரியை மட்டுமாவது சீனத்தில் கற்றுக்கொள்ளுங்கள்: ஜி ஷின் குய் மிங் லி.

பிறகு ஊதுபத்தி எரிந்து முடியும்வரை சும்மா உட்காருங்கள். தேவரை மனக்கண்ணில் வரைந்து பார்க்க வேண்டாம். இதயத்தில் சிவப்பு, கல்லீரலில் பசுமை, மண்ணீரலில் மஞ்சள், நுரையீரலில் வெண்மை, சிறுநீரகத்தில் கருமை என்று ஐந்து நிறங்களையும் ஒரு சுற்று நினைத்துவிட்டு, அதையும் விட்டுவிடுங்கள். எழும்போது மூன்று அடி பின்னோக்கி நடந்து பிறகு திரும்புங்கள்.

என்ன சொல்வது, எதைச் சொல்லக் கூடாது

வேண்டுதல் இருந்தால் போற்றிக்குப் பின் சொல்லுங்கள். சங்கல்பம் செய்யும்போது சொல்வதுபோல முதலில் உங்கள் பெயர், பிறந்த நாள், குடியிருக்கும் முகவரி. பிறகு விஷயம், ஒன்றே ஒன்று, இரண்டு மூன்று வாக்கியங்களில். மரபு இதை மனுவாகவே பார்க்கிறது. மனுவில் புலம்பல் நீண்டால் கேட்டது என்ன என்பது தொலைந்துவிடும். ‘இது நடந்தால் அதைச் செய்கிறேன்’ என்று பேரம் வைக்காதீர்கள்.

ஒரு சொற்றொடரைத் தொடவே வேண்டாம். ‘ஜி ஜி ரு லியு லிங்’ என்று பல மந்திரங்களின் கடைசியில் வரும். சீனாவின் ஹான் வம்ச காலத்து அரசாங்க ஆணைகளின் முடிவில் இருந்த வாசகம் அது: சட்டத்தின்படி உடனே நிறைவேற்றுக. தேவர் படைகளுக்கு ஆணையிடும் உரிமை, குருவிடமிருந்து பதிவேடு பெற்ற அர்ச்சகருக்கே உண்டு. அந்தப் பதிவேட்டில்தான் அவருடைய பதவியும், அவர் அழைக்கக்கூடிய தேவர்களின் பெயர்களும் இருக்கும். பதிவேடு இல்லாதவர் ஆணையிடுவது, தெருவில் போகிறவர் ஆட்சியர் முத்திரையைக் குத்துவதற்குச் சமம். கை முத்திரைகளும் எழுதப்படும் தாயத்துகளும் இதே வகைதான். இணையத்தில் படம் பார்த்து வரையாதீர்கள்.

குற்றம் சொல்லித் தீர்த்தல்

சாங் தாவ்லிங் 142ஆம் ஆண்டில் சிச்சுவானில் தொடங்கிய இயக்கத்தில், நோய் வந்தவர்களை முதலில் ஓர் அமைதி அறையில் உட்காரவைத்துத் தங்கள் குற்றங்களை நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். பிறகு வானம், நிலம், நீர் ஆகியவற்றின் மூன்று தேவ அதிகாரிகளுக்கும் மூன்று மனுக்கள் எழுதினார்கள். ஒன்றை மலைமேல் வைத்தார்கள், ஒன்றை மண்ணில் புதைத்தார்கள், ஒன்றை நீரில் அமிழ்த்தினார்கள். அந்த அதிகாரிகளின் நாள்கள் சீன முதல், ஏழாம், பத்தாம் மாதங்களின் பதினைந்தாம் நாள்கள். வானம் அருள் தரும், நிலம் குற்றம் மன்னிக்கும், நீர் இடர் நீக்கும்.

வீட்டில் செய்பவர்கள் இந்த மூன்று நாள்களில் சைவமாக இருந்து, கடந்த மாதங்களில் செய்த தவறுகளைத் தாளில் எழுதி, வாய்விட்டுப் படியுங்கள். ‘கோபப்பட்டேன்’ என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. யாரிடம், எந்த நாள், என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள். அதோடு நிற்கவும் கூடாது. சாங் தாவ்லிங்கின் பேரன் சாங் லூவின் ஆட்சியில் சிறு குற்றம் செய்தவர் நூறு தப்படி நீளத்துக்குப் பாதையைச் செப்பனிட்டால் குற்றம் தீர்ந்தது. இதிலுள்ள நியாயம் அருமையானது. வருந்துவதோடு விடாமல், ஊருக்கு நடக்க உதவும் ஒரு வேலையைக் கையால் செய்துவிட்டு எழ வேண்டும். உங்கள் தாளிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் அப்படி ஒரு வேலையைப் பக்கத்தில் எழுதுங்கள்.

இன்னும் தீவிரமாகச் செய்ய விரும்புகிறவர்களுக்குக் கெங்ஷென் இரவு உண்டு. மனித உடலில் பெங் ஜூ, பெங் ஜி, பெங் ஜியாவ் என்று மூன்று உட்பகைவர்கள் இருக்கிறார்கள். பொருளாசையும் நாக்கு ருசியும் காமமும் அவர்கள் வேலை. அறுபது நாளுக்கு ஒருமுறை வரும் கெங்ஷென் நாளில் நாம் உறங்கும்போது அவர்கள் மேலே போய் நம் குற்றங்களைச் சொல்வார்கள். அன்று விழித்திருந்தால் போக முடியாது. மூன்று முறை விழித்தால் அடங்குவார்கள், ஏழு முறை விழித்தால் அழிவார்கள் என்பது மரபு வாக்கு. 2026இல் பிப்ரவரி 15, ஏப்ரல் 16 என்று இந்த நாள் வருகிறது. கைபேசியைப் பார்த்துக்கொண்டு விழித்திருந்தால் அந்த மூவருக்கும் விருந்து வைத்ததாகத்தான் ஆகும். மறுநாள் வண்டி ஓட்டுகிறவர்களும், நோயாளிகளும், தூக்கம் கெட்டால் மனம் கலங்குகிறவர்களும் இதைச் செய்ய வேண்டாம்.

காட்சி தெரிந்தால்

சில மாதங்களில் சிலருக்கு ஒளி தெரியும், குரல் கேட்கும், கனவில் யாராவது வருவார்கள். ஆசைப்பட்டது கிடைத்த மகிழ்ச்சியில் இங்கேதான் நல்ல சாதகர்கள் வழுக்குகிறார்கள். பொன்னொளி மந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உடலில் பொன்னொளி இருக்கிறது, அது என்னைப் போர்த்தி ஒளிர்கிறது என்று சொன்ன கையோடு அடுத்த வரி வருகிறது: பார்த்தால் தெரியாது, கேட்டால் கேளாது. ஒளியைப் பார்த்தே தீருவேன் என்று அந்த மந்திரத்தை ஆயிரக்கணக்கில் உருப்போடுகிறவர், தாம் சொல்லும் வரியைத் தாமே கேட்கவில்லை.

தெரிந்ததை மதிக்காமலும் துரத்தாமலும் விடுங்கள். நாள், நேரம், அன்றைய உணவு, உறக்கம் ஆகியவற்றோடு ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். 364 முதல் 370 வரை மாவ்ஷான் மலையோடு தொடர்புடைய யாங் ஷி என்பவருக்கு மேலுலகத்தார் வந்து சொன்னவை அப்படித்தான் நாள் குறித்து எழுதப்பட்டன. பின்னாளில் தாவ் ஹோங்ஜிங் (456–536) அந்த ஏடுகளைத் தேடிச் சேர்த்து, கையெழுத்தை ஒப்பிட்டு உண்மையானதையும் போலியையும் பிரித்தார். தேவ வாக்கு என்பதற்காக அவர் எதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. உங்கள் குறிப்பேட்டை ஆறு மாதம் கழித்துப் படித்தால், காட்சி வந்த நாள்களில் பாதி தூக்கம் குறைந்த நாள்கள் என்று தெரியவரலாம். மருந்தை நிறுத்து, பணம் கொடு, குடும்பத்தை விடு, நீ தனிப்பிறவி என்று சொல்லும் எந்தக் குரலையும் மேலுலகக் குரலாக எண்ணாதீர்கள். உடனே வழிபாட்டை நிறுத்தி, நம்பிக்கையான ஒருவரிடமும் மருத்துவரிடமும் பேசுங்கள்.

பயணத்தில்

தங்கும் விடுதியில் பத்தி ஏற்ற முடியாது, ஏற்றவும் வேண்டாம். மரபில் ‘மனத்தூபம்’ என்று ஒன்று உண்டு. கட்டிலில் நேராக உட்கார்ந்து, வான்முரசை 36 முறை தட்டி, மூன்று மூச்சுகளை மூன்று பத்திகளாக எண்ணிச் சரணடையும் வரியைச் சொன்னால் அன்றைய வழிபாடு முடிந்தது. புதிய ஊரில் இறங்கிய முதல் நாள் மட்டும் அதற்கு முன்னால் அந்த நிலத்தின் தேவருக்கு உங்கள் பெயரையும் எத்தனை நாள் தங்குகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். வீடு திரும்பியதும் மேசைத் தூசியைத் துடைத்து, பழைய நீரைக் கொட்டிப் புதிதாக வைத்து, அடுத்த காலை முதல் மந்திரத்திலிருந்து தொடங்குங்கள்.